ஃபிளாஸ்க் செயலியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஓ.ஆர்.எம் வழியாக இணைப்பது

ஃபிளாஸ்க், பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு. அது தன்னோடு டேட்டாபேஸ் எதையும் கொண்டுவராது. இன்னொரு பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவை நிறுவினால், டேபிள் வரிசைகளைப் பைத்தான் பொருள்களாகக் கையாள உதவும் ஓ.ஆர்.எம்மும் கூடவே வந்துவிடும். ஃபிளாஸ்கில் அதை நாமேதான் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும். பெரும்பாலோர் பொருத்துவது எஸ்கியூஎல்ஆல்கெமியை. மைக் பேயர் எழுதி 2006-இல் வெளியிட்ட பேக்கேஜ் இது. இனி சுருக்கமாக ஆல்கெமி என்போம். இதை ஃபிளாஸ்கோடு கோக்க ஃபிளாஸ்க்-எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற நீட்சி இருக்கிறது.

இணைப்பது நாலைந்து வரி வேலைதான். அதற்குப் பிறகு வரும் சிக்கல்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: நாம் எழுதிய எந்த பைத்தான் வரியில் எஸ்கியூஎல் உண்மையாகவே கிளம்பி டேட்டாபேஸுக்குப் போகிறது? ஓ.ஆர்.எம் அதை மறைத்து வைக்கும். அந்தத் திரையை விலக்கிப் பார்க்கத் தெரிந்தால் எரர் செய்திகளில் பாதி தானாகப் புரியும்.

கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கோப்பில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். புள்ளி, அடிக்கோடு எல்லாம் காட்டிய இடத்திலேயே வரும். எடுத்துக்காட்டு ஒரு சின்ன நூலகச் செயலி. ஆத்தர், புக் என்று இரண்டு மாடல்கள் போதும்.

எந்தப் பதிப்பு என்பதை முதலில் பாருங்கள்

ஆல்கெமி 2.0, ஃபிளாஸ்க்-எஸ்கியூஎல்ஆல்கெமி 3.1, ஃபிளாஸ்க் 3 ஆகியவற்றுக்கு எழுதியது இது. ஆல்கெமி 2.0 வந்தது 2023 ஜனவரியில். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு: தேடலை 'புக்.க்வெரி.ஃபில்டர்_பை' என்று எழுதியிருந்தால் அது பழைய நடை. இன்னும் ஓடும், ஆனால் பழைய மரபு என்று ஒதுக்கப்பட்டது. புது நடையில் 'செலக்ட்' என்ற ஃபங்ஷனில் வாக்கியத்தைக் கட்டி, டேட்டாபேஸோடு பேசும் செஷனிடம் கொடுத்து ஓட்டுவோம். இரண்டையும் ஒரே செயலியில் கலக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குத் தலைவலி.

நிறுவுதல்

தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப் வழியாக நான்கை நிறுவுங்கள்: ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்-எஸ்கியூஎல்ஆல்கெமி, ஃபிளாஸ்க்-மைக்ரேட், போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைகாபிஜி. சைகாபிஜி பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் 'பைனரி' என்று சேர்த்தால் ஏற்கெனவே கம்பைல் செய்த பதிப்பு வரும். சி கம்பைலர் தேட வேண்டாம். இசட்-ஷெல் பயன்படுத்துபவர்கள் சதுர அடைப்பு உள்ள பெயரை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அதைக் கோப்புப் பெயரின் வடிவம் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

தனி சர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட்டில் தொடங்கலாமா? கற்றுக்கொள்ள மட்டும் என்றால் தாராளமாக. ஆனால் சர்வரில் போஸ்ட்கிரெஸ்தான் ஓடப்போகிறது என்றால் சொந்தக் கணினியிலும் அதையே வையுங்கள். ஒரு டேபிள் இன்னொன்றின் வரிசையைச் சுட்டும் ஃபாரின் கீ விதியை எஸ்கியூலைட் இயல்பாகக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு இணைப்பிலும் தனியாக இயக்கிவிட வேண்டும். நீளம் 20 என்று வைத்த பத்தியில் (காலம்) 200 எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். உங்கள் மேசையில் மௌனமாகப் போன இந்தத் தவறுகள் சர்வரில் ஒவ்வொன்றாக எரராக எழும்.

டேட்டாபேஸும் முகவரியும்

போஸ்ட்கிரெஸ் நிர்வாகப் பயனராக நின்று, முதலில் 'கிரியேட்யூசர்' கட்டளையால் செயலிக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள். அடுத்து 'கிரியேட்டிபி' கட்டளையால் டேட்டாபேஸை உருவாக்கும்போதே 'ஓனர்' தேர்வில் அந்தப் பயனரின் பெயரைக் கொடுங்கள். இதை விட்டுவிட்டு, பிறகு உரிமை வழங்கலாம் என்று போனால் போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து ஒரு முட்டுக்கட்டை உண்டு: 'பப்ளிக்' ஸ்கீமாவில் சாதாரணப் பயனர் டேபிள் உருவாக்க இயல்பாக அனுமதி இல்லை. 'பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று வரும். டேட்டாபேஸின் உரிமையாளருக்கு அந்தத் தடை கிடையாது.

முகவரி ஒரே சரம். தொடக்கத்தில் டேட்டாபேஸ் வகையும் டிரைவரும், பிறகு பயனர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட், அட் குறி, கணினிப் பெயர், சாய்கோடு, டேட்டாபேஸ் பெயர். தொடக்கப் பகுதியில்தான் பலர் இடறுகிறார்கள். சைகாபிஜியின் மூன்றாம் பதிப்பை நிறுவியிருந்தால் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று எழுதி, கூட்டல் குறி போட்டு 'சைகாபிஜி' என்று சேர்க்க வேண்டும். கூட்டல் பகுதி இல்லாவிட்டால் ஆல்கெமி 2.0 பழைய 'சைகாபிஜி2'-ஐத் தேடி, அந்த மாட்யூலே இல்லை என்று நிற்கும். சில ஹோஸ்டிங் சேவைகள் 'போஸ்ட்கிரெஸ்' என்று மட்டும் தொடங்கும் முகவரியைத் தருகின்றன. அந்தச் சுருக்கப் பெயர் ஆல்கெமி 1.4-இலேயே நீக்கப்பட்டுவிட்டது, 'கான்ட் லோட் பிளகின்' என்ற எரர் கண்ணில் பட்டால் முதலில் முகவரியின் முதல் சொல்லைப் பாருங்கள்.

பாஸ்வேர்டுக்குள் அட் குறி இருந்தால் ஆல்கெமி அதோடு பாஸ்வேர்ட் முடிந்தது என்று எண்ணிவிடலாம். அதை %40 என்று மாற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு சிறப்புக் குறிக்கும் இப்படி எண்ணைத் தேடுவதைவிட, ஆல்கெமியின் 'யூஆர்எல்.கிரியேட்' ஃபங்ஷனில் பயனர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவது நிம்மதி. முகவரி என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கட்டும். கோடில் எழுதி கிட்டில் ஏற்றிய பாஸ்வேர்டை, பிறகு அழித்தாலும் பழைய கமிட்டுகளில் யாரும் படிக்கலாம்.

கோப்புகளைப் பிரிப்பது

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினால் முதல் நாள் வசதியாக இருக்கும். மாடல்களைத் தனிக் கோப்புக்கு நகர்த்திய அன்று சர்க்குலர் இம்போர்ட் வரும்: ஆப் கோப்பு மாடலைக் கேட்கும், மாடல் கோப்பு ஆப்பிலிருந்து 'டிபி'யைக் கேட்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். ஆகவே தொடக்கத்திலேயே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

'எக்ஸ்டென்ஷன்ஸ்' கோப்பில் 'டிக்ளரேட்டிவ்பேஸ்' வகுப்பிலிருந்து 'பேஸ்' என்று ஒன்றை உருவாக்கி, 'எஸ்கியூஎல்ஆல்கெமி' வகுப்பின் 'மாடல்_கிளாஸ்' ஆர்கியூமென்டாகக் கொடுத்து 'டிபி' என்ற பொருளைச் செய்யுங்கள். இந்தக் கோப்பு ஆப்பை இம்போர்ட் செய்யவே கூடாது. 'மாடல்ஸ்' கோப்பு இதிலிருந்து 'டிபி'யை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது கோப்பில் 'கிரியேட்_ஆப்' என்ற ஃபங்ஷன். அதற்குள் ஆப்பை உருவாக்கி, 'எஸ்கியூஎல்ஆல்கெமி_டேட்டாபேஸ்_யூஆர்ஐ' என்ற கான்ஃபிக் சாவியில் முகவரியை வைத்து, அதற்கு அடுத்துத்தான் 'டிபி.இனிட்_ஆப்' அழைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். 3.0 பதிப்பிலிருந்து 'இனிட்_ஆப்' நடக்கும் அந்தக் கணத்திலேயே கான்ஃபிக்கைப் படித்து, டேட்டாபேஸ் இணைப்புகளைக் கவனிக்கும் எஞ்சினைக் கட்டிவிடுகிறது. பிறகு கான்ஃபிக்கை மாற்றினால் அது காதில் விழாது. டெஸ்டுக்கு வேறு டேட்டாபேஸ் வைக்க நினைத்து, ஆப் உருவான பின் முகவரியை மாற்றுபவர்கள் தங்கள் உண்மையான டேட்டாபேஸிலேயே டெஸ்டை ஓட்டிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 'கிரியேட்_ஆப்' கான்ஃபிக்கை ஆர்கியூமென்டாக வாங்கும்படி எழுதுங்கள்.

'பேஸ்' வகுப்பில் இன்னொரு வேலையை இப்போதே முடித்துவிடலாம். 'மெட்டாடேட்டா'வுக்கு 'நேமிங்_கன்வென்ஷன்' கொடுத்து, யூனிக், ஃபாரின் கீ, செக் ஆகிய விதிகளுக்குப் பெயர் வைக்கும் முறையைச் சொல்லிவிடுங்கள். பெயரில்லாத விதியைப் பின்னாளில் மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் வேலையில்) நீக்கப்போனால் எதை நீக்குவது என்று சொல்ல வழி இருக்காது.

'வொர்க்கிங் அவுட்சைட் ஆஃப் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்' என்ற எரர் புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். 'டிபி'க்குத் தான் எந்த ஆப்பைச் சேர்ந்தது என்று தெரியாது. ஒரு ரிக்வெஸ்ட் வரும்போது ஃபிளாஸ்க் தரும் கான்டெக்ஸ்டிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. தனி ஸ்கிரிப்டில் ரிக்வெஸ்ட் இல்லை. அங்கே 'வித் ஆப்.ஆப்_கான்டெக்ஸ்ட்' என்ற தொகுதிக்குள் வேலையைச் செய்யுங்கள், அல்லது 'ஃபிளாஸ்க் ஷெல்' திறங்கள்.

மாடல் எழுதும்போது

'ஆத்தர்' வகுப்பில் ஐடி, நேம். 'புக்' வகுப்பில் ஐடி, டைட்டில், காப்பீஸ், ஆத்தர்_ஐடி. ஒவ்வொரு பத்தியும் 'மேப்டு' என்ற டைப் குறிப்போடு வரும். 'மேப்டு' சதுர அடைப்புக்குள் வெறும் 'எஸ்டிஆர்' என்றால் டேட்டாபேஸில் அந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது; 'எஸ்டிஆர் அல்லது நன்' என்று எழுதினால் காலியாக விடலாம். இதை ஆல்கெமி டைப் குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, ஆகவே அலங்காரமாக நினைத்து எழுதாதீர்கள்.

ஃபாரின் கீயில் கொடுப்பது டேபிளின் பெயர், அதாவது சிறிய எழுத்தில் 'ஆத்தர்.ஐடி'. 'ரிலேஷன்ஷிப்' ஃபங்ஷனில் கொடுப்பது வகுப்பின் பெயர், பெரிய எழுத்தில் தொடங்குவது. இரண்டையும் மாற்றிப் போட்டால் வரும் எரர் நீளமாக இருக்கும், காரணம் இவ்வளவுதான். இரு பக்க உறவுக்கு 'பேக்_பாப்புலேட்ஸ்' கொண்டு இரு வகுப்பிலும் எழுதுங்கள். ஆத்தர்_ஐடி பத்திக்குத் தேடலை வேகமாக்கும் 'இண்டெக்ஸ்' போட மறக்காதீர்கள்: மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்குத் தானே இண்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ் போடாது.

பயனர் டேபிளுக்கு 'யூசர்' என்று பெயர் வைக்காதீர்கள். அது போஸ்ட்கிரெஸின் ஒதுக்கப்பட்ட சொல். ஆல்கெமி மேற்கோள் போட்டுச் சமாளித்துவிடும். ஆனால் நீங்கள் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பீஎஸ்கியூஎல் திரையில் 'செலக்ட் ஸ்டார் ஃப்ரம் யூசர்' என்று தட்டினால் டேபிள் வராது, நீங்கள் எந்தப் பயனராக உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒற்றை வரி வரும். தரவெல்லாம் காணாமல் போய்விட்டதென்று பதறவைக்கும் வரி அது.

நேரப் பத்தியில் 'டிஃபால்ட்' மதிப்பாக ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கும்போது அடைப்புக்குறி போட்டுவிட்டால், செயலி தொடங்கிய நேரத்தில் ஒரே ஒருமுறை கணக்கிட்டு எல்லா வரிசைக்கும் அதே நேரத்தை எழுதும். பெயரை மட்டும் கொடுங்கள். அதைவிட நல்லது 'சர்வர்_டிஃபால்ட்' என்று 'ஃபங்க்.நவ்' கொடுத்து நேரத்தை டேட்டாபேஸே எழுத விடுவது. பணத்துக்கு 'ஃப்ளோட்' வேண்டாம், 'நியூமெரிக்'.

தமிழில் தலைப்புகளைச் சேமிக்கப்போகிறீர்கள் என்றால் நீளக் கணக்கில் கவனம். போஸ்ட்கிரெஸ் எண்ணுவது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை. 'புத்தகம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. டேட்டாபேஸுக்கு எட்டு, ஏனென்றால் உகரக் குறிக்கும் மெய்யெழுத்துகளின் மேல் உள்ள இரண்டு புள்ளிகளுக்கும் தனித்தனி இடம். 'ஸ்ரீ' என்ற ஒற்றை உருவம் நான்கு. ஆங்கிலத்தை மனதில் வைத்து 'ஸ்ட்ரிங் 50' என்று வைத்த பத்தியில் நடுத்தர நீளத் தமிழ்த் தலைப்பே முட்டிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் 'டெக்ஸ்ட்' வகைக்கும் நீளம் குறித்த வகைக்கும் வேகத்தில் வித்தியாசமில்லை, ஆகவே 'டெக்ஸ்ட்' போட்டுவிடுங்கள்.

இதைவிட நுட்பமான ஒரு கோளாறு உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் தட்டலாம், எகரக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. 'யூனிக்' விதி இரண்டையும் வெவ்வேறு பெயர் என்று ஏற்றுக்கொள்ளும். தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. தீர்வு சுலபம்: மாடலில் 'வேலிடேட்ஸ்' டெக்கரேட்டர் போட்ட ஒரு ஃபங்ஷனில் 'யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்' கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். தேடல் பெட்டியில் வரும் சொல்லையும் அதே வழியில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்போடு 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி சரிசெய்யாது, அது தனி எழுத்து.

மைக்ரேஷன்

'டிபி.கிரியேட்_ஆல்' இல்லாத டேபிளை உருவாக்கும். இருக்கும் டேபிளில் ஒரு பத்தியைக்கூடச் சேர்க்காது, எரரும் தராது. மாடலில் புதுப் பத்தி சேர்த்து, 'கிரியேட்_ஆல்' ஓட்டி, 'காலம் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று பார்ப்பது இதனால்தான். தொடக்கம் முதலே ஃபிளாஸ்க்-மைக்ரேட் வையுங்கள். அதன் உள்ளே வேலை செய்வது அலெம்பிக் என்ற மைக்ரேஷன் கருவி.

'ஃபிளாஸ்க் டிபி இனிட்' ஒரே முறை. பிறகு மாடலை மாற்றும்போதெல்லாம் 'ஃபிளாஸ்க் டிபி மைக்ரேட்', உருவான கோப்பைப் படித்தல், 'ஃபிளாஸ்க் டிபி அப்கிரேட்'. நடுவில் உள்ள படித்தலைத் தாண்டக் கூடாது. 'டைட்டில்' பத்தியை 'நேம்' என்று மாற்றினீர்கள் என்று வையுங்கள். அலெம்பிக்குக்கு அது பெயர் மாற்றம் என்று தெரியாது. பழைய பத்தியை நீக்கு, புதிதாக ஒன்றைச் சேர் என்றுதான் எழுதும். அப்படியே அப்கிரேட் செய்தால் தலைப்புகள் எல்லாம் போய்விடும். அந்த இரண்டு வரியையும் அழித்து, 'ஆல்டர்_காலம்' ஒன்றில் 'நியூ_காலம்_நேம்' கொடுத்து எழுதுங்கள்.

ஏற்கெனவே வரிசைகள் உள்ள டேபிளில் காலியாக விட முடியாத பத்தி ஒன்றைச் சேர்த்தால் 'கன்டெய்ன்ஸ் நல் வேல்யூஸ்' என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும். பழைய வரிசைகளுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லையே. 'சர்வர்_டிஃபால்ட்' கொடுங்கள், அல்லது முதலில் காலியாக விடும்படி சேர்த்து, மதிப்பு நிரப்பி, பிறகு கட்டாயமாக்குங்கள்.

'நோ சேஞ்சஸ் இன் ஸ்கீமா டிடெக்டட்' என்று வந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. மாடல்ஸ் கோப்பை ஆப் எங்கேயும் இம்போர்ட் செய்யாததால் வகுப்புகள் இருப்பதே தெரியவில்லை. அல்லது முன்பே 'கிரியேட்_ஆல்' ஓட்டியிருப்பதால் டேபிள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மைக்ரேஷன்ஸ் ஃபோல்டர் கிட்டில் போக வேண்டும். அப்கிரேடை 'கிரியேட்_ஆப்'புக்குள் வைக்காதீர்கள்: சர்வரில் செயலியை ஓட்டும் நான்கு ப்ராசஸ் (வொர்க்கர்) எழுந்தால் நான்கும் ஒரே நேரத்தில் டேபிளை மாற்றப் பாயும்.

செஷன்: எஸ்கியூஎல் கிளம்பும் இடம்

ஒரு புதிய ஆசிரியரைச் சேர்க்கும் ரூட்டை (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷனை) மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஆத்தர் பொருளை உருவாக்கும்போது அது வெறும் பைத்தான் பொருள். 'டிபி.செஷன்.ஆட்' செய்ததும் செஷன் அதைத் தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. டேட்டாபேஸுக்கு இன்னும் எதுவும் போகவில்லை, அதன் ஐடியை அச்சிட்டால் 'நன்' வரும். 'ஃப்ளஷ்' செய்தால் அப்போதுதான் இன்சர்ட் கிளம்புகிறது, ஐடி கிடைக்கிறது. ஆனால் வேறு யாருக்கும் அந்த வரிசை தெரியாது, டிரான்சாக்ஷன் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் மாற்றங்களின் தொகுதி) திறந்தே இருக்கிறது. 'கமிட்' செய்தால் ஃப்ளஷும் சேர்ந்து நடந்து டிரான்சாக்ஷன் மூடுகிறது. ஆசிரியரின் ஐடி வேண்டும் என்பதற்காக நடுவில் கமிட் செய்பவர்கள் ஃப்ளஷைத்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து புத்தகம் சேர்ப்பதில் எரர் வந்தால், புத்தகமே இல்லாத ஆசிரியர் டேபிளில் தங்கிவிடுவார்.

கமிட்டுக்குப் பின் ஒரு வேடிக்கை. செஷன் தன்னிடம் உள்ள பொருள்களின் மதிப்புகளைப் பழசாகிவிட்டவை என்று குறிக்கும். அடுத்து நீங்கள் ஆசிரியரின் பெயரைப் படித்தால் அதற்காகவே புதிதாக ஒரு செலக்ட் போகும். கமிட்டுக்குப் பின் வரும் லாக் வரியிலோ ரீடைரக்ட் முகவரியிலோ தேவைப்படும் ஐடியை முன்பே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டால் அந்தப் பயணம் மிச்சம்.

கமிட் செய்ய மறந்தால்? எரர் வராது. ரிக்வெஸ்ட் முடியும்போது நீட்சி செஷனை அகற்றும், திறந்திருந்த டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகும், அதாவது மாற்றங்கள் கைவிடப்படும், பயனர் வெற்றிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போவார். ஃப்ளஷ் வரை போயிருந்தால் ஒரு தடயம் கிடைக்கும்: ஐடி எண்களில் இடைவெளி. சீக்வென்ஸ் எண் ரோல்பேக்கில் திரும்பாது. 41-க்குப் பிறகு 43 என்றால் 42 ஒருகாலத்தில் இன்சர்ட் ஆகிப் பின்வாங்கியது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

டெஸ்டில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். முழு டெஸ்டையும் ஒரு 'ஆப்_கான்டெக்ஸ்ட்' தொகுதிக்குள் வைத்து, அதற்குள்ளேயே டெஸ்ட் கிளையன்டால் ரூட்டை அழைத்தால், ஃபிளாஸ்க் 3.0, 3.1 பதிப்புகளில் ரூட்டும் டெஸ்டும் ஒரே செஷனைப் பகிர்ந்துகொள்கின்றன. கமிட் ஆகாத வரிசையும் டெஸ்டின் கண்ணுக்குத் தெரியும். டெஸ்ட் பச்சை, சர்வரில் தரவு இல்லை. கிளையன்ட் அழைப்பைத் தொகுதிக்கு வெளியே வையுங்கள். சரிபார்க்க மட்டும் உள்ளே போங்கள்.

இன்னொரு குழப்பம் ஆட்டோஃப்ளஷ். ஒரு செலக்ட் ஓடும் முன் செஷன், நிலுவையில் உள்ள மாற்றங்களை ஃப்ளஷ் செய்துவிடும்; இல்லாவிட்டால் தேடல் பழைய நிலையைக் காட்டும். ஆகவே பத்தாவது வரியில் சேர்த்த தவறான புத்தகத்துக்கான 'இன்டெக்ரிட்டி எரர்' இருபதாவது வரியில், சம்பந்தமே இல்லாத ஒரு செலக்ட்டில் வெடிக்கும். எரர் செய்தியில் 'ஆட்டோஃப்ளஷ்' என்ற சொல் இருந்தால் அந்த வரியை விட்டு மேலே தேடுங்கள்.

எரரைப் பிடித்தால் ரோல்பேக் கட்டாயம். 'இன்டெக்ரிட்டி எரர்' வந்ததை 'எக்செப்ட்' தொகுதியில் விழுங்கிவிட்டு அதே செஷனில் அடுத்த வேலையைத் தொடங்கினால் 'பெண்டிங்ரோல்பேக் எரர்' வரும். ஃபிளாஸ்க் ஷெல்லில் இது அடிக்கடி நிகழும், ஏனென்றால் அங்கே ஒரே செஷன் நீங்கள் மூடும்வரை வாழ்கிறது. ஆயிரம் வரிசை கொண்ட கோப்பை ஏற்றும்போது, இரட்டையாக உள்ளதை மட்டும் தள்ளிவிட்டு மற்றதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிசையையும் 'பிகின்_நெஸ்டட்' தொகுதிக்குள் சேருங்கள். அது சேவ்பாயின்ட், பின்வாங்கினால் அந்த ஒரு வரிசை மட்டும் போகும்.

கமிட்டை எங்கே எழுதுவது என்பதில் எங்கள் கருத்து கறாரானது: ரூட்டின் முடிவில், ஒருமுறை. உதவி ஃபங்ஷன்களுக்குள் கமிட் வைத்தால் அவற்றில் இரண்டைச் சேர்த்து ஒரே டிரான்சாக்ஷனாகச் செய்ய முடியாமல் போகும்.

இனி, புத்தகத்தை இரவல் கொடுக்கும் ரூட். புத்தகத்தை எடுத்து, 'காப்பீஸ்' எண்ணில் ஒன்றைக் கழித்து, கமிட். பார்க்கச் சரி. ஒரே நொடியில் இருவர் கேட்டால் இருவரும் 3 என்று படிப்பார்கள், இருவரும் 2 என்று எழுதுவார்கள். கொடுத்தது இரண்டு பிரதி, குறைந்தது ஒன்று. பைத்தான் எண்ணில் கழிக்காமல், 'புக்.காப்பீஸ் கழித்தல் 1' என்று வகுப்பின் பத்தியைக் கொண்டு எழுதி மதிப்பாகக் கொடுங்கள். அப்போது கழித்தல் எஸ்கியூஎல்லில் டேட்டாபேஸுக்குள் நடக்கும், இரண்டாவது ஆள் முதலாமவர் முடியும்வரை காத்திருப்பார். கூடவே காப்பீஸ் பூஜ்யத்துக்குக் கீழ் போகக் கூடாது என்று ஒரு செக் விதி. கழிக்கும் முன் வேறு நிபந்தனைகளையும் பார்க்க வேண்டியிருந்தால் செலக்ட்டில் 'வித்_ஃபார்_அப்டேட்' சேர்த்து வரிசையைப் பூட்டுங்கள்.

படிப்பதும் மெதுவாவதும்

'டிபி.செஷன்.எக்ஸிக்யூட்' தருவது வரிசைகள். புத்தகங்கள் வேண்டுமென்றால் 'ஸ்கேலர்ஸ்' சேர்க்க வேண்டும். டெம்பிளேட்டில் தலைப்பு வராமல், ஒற்றை உறுப்புள்ள அடைப்புக்குள் புக் பொருள் தெரிந்தால் அதை மறந்திருக்கிறீர்கள். ஐடியால் எடுத்து, இல்லாவிட்டால் 404 காட்ட 'டிபி.கெட்_ஆர்_404'. பக்கம் பக்கமாகப் பிரிக்க 'டிபி.பேஜினேட்'.

ஐம்பது புத்தகப் பட்டியல் மெதுவாக வருகிறதா? 'எஸ்கியூஎல்ஆல்கெமி_எக்கோ'வை ட்ரூ ஆக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். டெம்பிளேட் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'புக்.ஆத்தர்.நேம்' கேட்கும், ஒவ்வொரு புதிய ஆசிரியருக்கும் ஒரு செலக்ட் போகும். ஐம்பதும் வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியவை என்றால் மொத்தம் 51. சோதனைத் தரவில் இரண்டே ஆசிரியர்களை வைத்திருந்தால் மூன்று வினவல்தான் தெரியும், ஏனென்றால் ஒருமுறை எடுத்த ஆசிரியரைச் செஷன் நினைவில் வைத்திருக்கும். சிக்கல் சர்வருக்குப் போன பிறகுதான் வெளிவரும். செலக்ட்டின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், ஒற்றைப் பொருள் வரும் புக்-ஆத்தர் திசைக்கு 'ஜாயின்ட்லோட்', பட்டியல் வரும் ஆத்தர்-புக்ஸ் திசைக்கு 'செலக்ட்இன்லோட்' போடுங்கள். பட்டியலுக்கு ஜாயின்ட்லோட் போட்டால் 'யூனிக்' அழைக்கச் சொல்லி 2.0 எரர் தரும். ஜாயின் செய்தபோது ஆசிரியர் வரிசை புத்தகத்துக்கொன்றாகப் பெருகிவிட்டது என்பதே அதன் பொருள்.

சர்வரில் இணைப்புகளின் கணக்கு

எஞ்சின் இணைப்புகளை ஒரு பூலில் வைத்திருக்கும். இயல்பு அளவு 5, நெருக்கடியில் கூடுதலாக 10, காத்திருக்கும் நேரம் 30 நொடி. இது ஒரு ப்ராசஸுக்கு. செயலியைச் சர்வரில் ஓட்டும் கன்னிகார்னில் எட்டு வொர்க்கர், ஒவ்வொன்றிலும் இருபது த்ரெட் என்றால் உச்சத்தில் 8 × 15 = 120 இணைப்பு. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100. 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று மறுக்கும். த்ரெட் இல்லாத சாதாரண வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைத்தான் கவனிக்கும், அதற்கு ஒரு இணைப்பு போதும். 'எஸ்கியூஎல்ஆல்கெமி_எஞ்சின்_ஆப்ஷன்ஸ்' அகராதியில் 'பூல்_சைஸ்', 'மேக்ஸ்_ஓவர்ஃப்ளோ' இரண்டையும் இந்தக் கணக்குப்படி வையுங்கள். அதிலேயே 'பூல்_ப்ரீ_பிங்'கையும் ட்ரூ ஆக்குங்கள். டேட்டாபேஸ் மறுதொடக்கம் ஆனபின் செத்த இணைப்பைக் கையில் எடுத்துத் தடுமாறாது. மைஎஸ்கியூஎல் சும்மா கிடக்கும் இணைப்பை இயல்பாக 28800 நொடியில், அதாவது எட்டு மணி நேரத்தில் துண்டிக்கும். இரவு சும்மா கிடந்த செயலி காலையில் முதல் ஆளுக்கு மட்டும் எரர் தருவது அதனால். அதைத் தவிர்க்க ஃபிளாஸ்க்-எஸ்கியூஎல்ஆல்கெமி அங்கே 'பூல்_ரீசைக்கிள்' மதிப்பை இயல்பாகவே 7200 நொடி என்று வைக்கிறது. நீங்கள் மாற்றினால் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே வையுங்கள்.

'க்யூபூல் லிமிட்' என்று தொடங்கும் டைம்அவுட் எரர் வந்தால் உடனே பூலைப் பெரிதாக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் யாரோ இணைப்பைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை பார்க்கிறார்கள்: செலக்ட் ஓட்டி டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு, கமிட்டுக்கு முன்னால் மின்னஞ்சல் அனுப்புவது, வேறொரு சேவையின் பதிலுக்குக் காத்திருப்பது. பீஎஸ்கியூஎல்லில் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யைப் பாருங்கள். 'ஸ்டேட்' பத்தியில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று பல வரிசைகள் நிற்கும். பக்கத்தில் 'க்வெரி' பத்தியில் ஒவ்வொருவரும் கடைசியாக ஓட்டிய எஸ்கியூஎல் இருக்கும். அந்த வாக்கியத்தை உங்கள் கோடில் தேடிப் போனால், அதற்கு அடுத்த சில வரிகளுக்குள் அந்த வெளி அழைப்பு இருக்கும். அதைக் கமிட்டுக்குக் கீழே நகர்த்துங்கள்.